வான்ஸ்டெட் காட்டில் வெட்டிய கன்னிக்கால்

குகதாசன் உட்கார்ந்து தேநீர் குடித்ததைக் கண்டவர்கள் லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் யாரும் இல்லை. நின்றபடி பாதி குடிப்பான். மீதியைக் கோப்பையோடு வைத்துவிட்டு எங்கேயோ போய்விடுவான். அவன் வேலை செய்த பெட்ரோல் நிலையத்தில் முதலாளி ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்திருந்தார். அதில் யாருமே உட்காராததைக் கண்டு ஒரு பூனை குடியேறி, குட்டியும் போட்டு, அந்தக் குட்டிகளும் வளர்ந்து குடித்தனம் நடத்தின என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தைந்தில் தனியாக லண்டனில் வந்து இறங்கியவன். தகப்பன் இல்லை. தங்கை சிவமலரைக் கூப்பிட்டு, வெம்பிளியில் நல்ல மாப்பிள்ளையும் பேசி முடித்தான். தொண்ணூற்றொன்று மே மாதத்தில் கலியாணம். நாள் குறித்ததிலிருந்து அவன் கால்கள் ஓரிடத்திலும் தரிக்கவில்லை.

யாழ்ப்பாணத்துக் கலியாணத்தில் தாலிக்குப் பொன் உருக்கும் நாளில் வீட்டில் கன்னிக்கால் ஊன்ற வேண்டும். அது முள்முருக்கந்தடி; தமிழ்நாட்டார் கல்யாண முருங்கை என்பார்கள். அதை ஊன்றி, சுமங்கலிகள் பாலும் நீரும் வார்ப்பார்கள். கலியாணம் முடியும்வரை அது சாயாமல் நிற்க வேண்டும். தாய் கொழும்பிலிருந்து தொலைபேசியில் ஒன்றையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள்: "முள்ளில்லாத தடியை ஊன்றிப்போடாதை மோனை. அப்பா இல்லாமல் நடக்கிற கலியாணம். ஒரு குறையும் வரக்கூடாது."

லண்டனில் முள்முருக்குக்கு எங்கே போவது? நோர்பரியில் ஒரு வீட்டில் திரைச்சீலைக் கம்பியை ஊன்றிச் சமாளித்தார்களாம். வேறொரு வீட்டில் வீடு கூட்டும் தும்புத்தடியின் பிடிக்கு மஞ்சள் பூசினார்களாம். குகதாசனுக்கு அதெல்லாம் சரிவரவில்லை. பொன்னுருக்கு அன்று விடிந்ததும் வான்ஸ்டெட் பூங்காவுக்குப் புறப்பட்டான். பூங்கா என்றுதான் பெயர். உள்ளே போனால் அசல் காடு.

பக்கத்து வீட்டு அருமைநாயகி மாமியும் கூடவே வந்தாள். நல்ல காரியத்துக்குத் தடி வெட்டும்போது ஒரு சுமங்கலி பக்கத்தில் நிற்க வேண்டும் என்று விதி சொன்னவளும் அவள்தான், அந்தச் சுமங்கலியும் அவள்தான். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் கணவரின் சப்பாத்து, குடைக்குள் மீன் வெட்டும் கத்தி.

காட்டுக்குள்ளே கால் வைக்க இடமில்லாமல் நீலப்பூ பூத்துக் கிடந்தது. குகதாசன் அதைப் பார்க்கவில்லை. ஓக் மரத்தைத் தடவினான், முள் இல்லை. பேர்ச் மரத்தைத் தடவினான், அதிலும் இல்லை. ஹொலி மரத்தடியில் நின்று, "மாமி, இது குத்துது!" என்று கத்தினான்.

"இலை குத்தினாக் காணுமோ? தடியெல்லே குத்தவேணும்! ஒரு இடத்திலை நில் தம்பி. நீ ஓடுற ஓட்டத்துக்கு மரமெல்லாம் பயந்து பின்னுக்குப் போகுது."

குளத்தைத் தாண்டியதும் ஒரு மரம் வெள்ளை வெளேரென்று பூத்து நின்றது. கிளை நிறைய முள். தொட்டுப் பார்த்தவனின் விரலில் இரத்தம் வந்தது. அவ்வளவு சந்தோஷமாக யாரும் விரலைச் சூப்பியிருக்க மாட்டார்கள். ஆளுயரக் கிளையொன்றை அவன் வெட்டி முடித்தபோது, சைக்கிளில் பூங்காக் காவலர் வந்துவிட்டார்.

முதலில் நல்ல ஏச்சு. இங்கே ஒரு கிளையையும் தொடக்கூடாது, சட்டம் தெரியாதா என்றார். குகதாசன் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் தங்கை, கலியாணம், வீடு என்று எல்லாவற்றையும் கொட்டினான். 'வீடு' என்றதும் காவலர் பூவையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"வீட்டுக்குள்ளேயா கொண்டுபோகிறாய்? வேண்டாம். இது ஹாதோர்ன். இந்தப் பூ வாசலைத் தாண்டினால் அந்த வீட்டில் சாவு விழும். என் தாயார் இதை வீட்டுப் படியில்கூட ஏற விடமாட்டார்."

வெட்டியதை ஒட்டவா முடியும் என்று கிளையை விட்டுவிட்டு, இன்னொரு தடவை கண்டால் கோர்ட்தான் என்று எச்சரித்துப் போனார்.

"என்னவாம்?" என்றாள் மாமி.

"பூ நல்ல வடிவாம்."

"அதுக்கு ஏன் உன்ரை முகம் பேயறைஞ்ச மாதிரிக் கிடக்கு?"

அவன் கிளையைத் தோளில் போட்டான். வரும் வழியெல்லாம் தெருவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி நடந்தான். முள் இல்லாவிட்டால் அம்மா சொன்ன குறை. முள்ளைக் கொண்டுபோனால் காவலர் சொன்ன சாவு. எறிந்துவிட்டுப் போகலாமென்றால் ராகுகாலத்துக்கு முன் ஊன்றியாக வேண்டும்.

கடைக்கு மேலே முதல் மாடியில் அவர்கள் வீடு. முன்னறையில் மண் நிரப்பிய வாளி காத்திருந்தது. குகதாசன் கதவுக்கு வெளியே கிளையைக் கட்டிப்பிடித்தபடி நின்றுவிட்டான்.

"ஏன் நிக்கிறாய்? நேரம் போகுது, ஏறு!" என்று மாமி முதுகில் தள்ளினாள்.

"ஏலாது மாமி." அப்போதுதான் உண்மையைச் சொன்னான்.

மாமி தள்ளிய கையை எடுத்துக்கொண்டாள். அந்த அதிசயத்துக்குக் கீழ்க்கடை வாசலில் நின்ற நான் சாட்சி. பிறகு, "அது வெள்ளைக்காரன்ரை சாத்திரம். எங்களை என்ன செய்யும்?" என்றாள்.

"மரமும் வெள்ளைக்காரன்ரை மரமெல்லே மாமி? அதுதான் பயமாக் கிடக்கு."

மேலே சன்னல் திறந்தது. தலையில் பாதிப் பூ வைத்தபடி சிவமலர் எட்டிப் பார்த்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"அண்ணை, வீட்டுக்குள்ளைதானே கொண்டுவரப்படாது? அப்ப வாளியைக் கீழை இறக்குங்கோ. கன்னிக்கால் வீட்டு முற்றத்திலை ஊன்றுறதுதானே! ஆர் அதை முன்னறைச் சோபாவுக்குப் பக்கத்திலை ஊன்றினது?"

வாளி இறங்கியது. பட்டுச்சேலைகளும் பின்னால் இறங்கின. ஈசானமூலையில் குப்பைத்தொட்டி நின்றது, அதைத் தள்ளிவிட்டார்கள். பால் வார்க்கும்போது மாடி பஸ் ஒன்று நின்றுவிட்டது. மேல்தட்டில் ஒருவர் எழுந்து தொப்பியைக் கழற்றினார் என்பாள் மாமி. பஸ் முழுவதுமே எழுந்து நின்றது என்று நான் சொல்வேன்.

கன்னிக்கால் ஊன்றியாயிற்று. ஆனால் தெருவல்லவா? நாய் வரும், குடிகாரன் வருவான், பள்ளிக்கூடப் பிள்ளைகள் பந்தோடு வருவார்கள். கலியாணத்துக்கு முன் அது சாய்ந்தால்? குகதாசன் வேலைக்கு லீவு சொன்னான். மேலே இருந்து ஒரு கதிரையை இறக்கினான். வாளிக்குப் பக்கத்தில் போட்டான். உட்கார்ந்தான்.

ஃபாரஸ்ட் கேட்டே வந்து பார்த்துவிட்டுப் போனது. மாமி கொண்டுவந்த தேநீரை அடிவரை குடித்தான். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

கலியாணத்தன்று காலை குப்பை லாரி வந்தது. தொட்டியைத் தூக்கிய ஆள் வாளியிலும் கை வைத்தான். குகதாசன் பாய்ந்து எழுந்து மறித்தான். அந்த ஆள் பூவைப் பார்த்து, சட்டென்று கையை எடுத்துக்கொண்டான்.

"இதை வீட்டுக்குள்ளே மட்டும் கொண்டுபோய்விடாதே," என்றான்.

"எனக்குத் தெரியாதா?" என்றான் குகதாசன், இந்த ஊரிலேயே பிறந்தவன் மாதிரி. பிறகு, இனிக் காவலுக்கு அந்தப் பூவே போதும் என்று கதிரையை அந்த ஆளின் கையிலேயே கொடுத்துவிட்டு, வேட்டி கட்டப் படியேறி ஓடினான்.