வாசம் சொல்லும் அர்மிண்டா

சோள ரொட்டியை அர்மிண்டா ஒருநாளும் கத்தியால் வெட்டமாட்டாள். இரண்டு கையாலும் பிய்த்து ஆளுக்கொரு துண்டாகத் திணித்துவிட்டு, "கையில வாங்குங்க, தட்டெல்லாம் அப்புறம்" என்பாள். நார்வேயிலிருந்து வந்த பல் டாக்டரோ கனடாவிலிருந்து வந்த நீதிபதியோ, யாராக இருந்தாலும் அவளுக்குப் பிள்ளைகள்தான். "பிள்ளைங்களா, இன்னும் ரெண்டு மேடு ஏறணும், இப்பவே வயித்த நிரப்பிக்காதீங்க" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை அவர்கள் கையில் வைப்பாள்.

இந்தப் போர்ட்டோ நகரத்தில் வெளியூர்க்காரர்களைக் கால்நடையாகக் கூட்டிக்கொண்டு போய்த் தின்ன வைப்பதும் குடிக்க வைப்பதும் அவள் பிழைப்பு. மற்ற கைடுகள் மஞ்சள் குடையோ சின்னக் கொடியோ பிடித்துக்கொண்டு போவார்கள். அர்மிண்டா பிடிப்பது ஒரு மர அகப்பை. கூட்டத்தில் தொலைந்துபோகிறவர்களுக்கு அதுதான் அடையாளம். மேசைக்கு வரும் கடற்காக்கைகளை விரட்டவும் அதுதான், தூங்கி வழியும் கடைக்காரனின் கதவைத் தட்டவும் அதுதான். காலில் ஆண்பிள்ளைச் செருப்பு. கேட்டால், "இந்த ஊர் கல்லுக்கும் பொம்பள செருப்புக்கும் ஜென்மப் பகை" என்பாள்.

சந்தை வாசலில் தொடங்கி, பல்தசாரின் பாலாடைக்கட்டிக் கடை வழியாக இறங்கி, பேராலயத்துக்குப் பின்சந்தில் இருக்கும் என் கடைக்கு வந்து சேரும்போது மதியம் ஆகிவிடும். ஆறு மேசை போட்ட சின்னக் கடைதான் என்னுடையது. குடலும் வெள்ளை மொச்சையும் போட்ட குழம்பு, உப்பு மீன் உருண்டை, வெள்ளைக் கிண்ணத்தில் சிவப்பு ஒயின். கிண்ணத்தின் ஓரத்தில் அந்த ஒயின் கறையாக ஒட்டினால்தான் நல்ல ஒயின் என்று நாங்கள் சொல்வோம். கறையைப் பார்த்து வெளியூர்க்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அர்மிண்டா தன் கிண்ணத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "பல்லு கறுத்தா ஊருக்கு வந்ததுக்கு அத்தாட்சி" என்று ஈயென்று இளித்துக் காட்டுவாள்.

அவளும் நானும் ஒரே படிக்கட்டுச் சந்தில் வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் அவள் மூக்கு எங்கள் பேட்டையில் பிரசித்தம். யார் வீட்டில் என்ன வேகிறது என்று படியில் உட்கார்ந்தபடியே சொல்லுவாள். கழுகுக்கு மூக்கில் வேர்த்த மாதிரி, சரியாகச் சட்டி இறங்கும் நேரத்துக்கு அந்த வீட்டு வாசலில் நிற்பாள். பெரியவள் ஆன பிறகும் அப்படித்தான். சந்து முனையில் வரும்போதே அவள் குரல் வந்துவிடும்: "செலஸ்டே, வெங்காயத்த இன்னைக்குத் தூக்கலா வதக்கிட்டடி!" எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அவள் சொன்னது ஒருநாளும் தப்பியதில்லை.

உலகத்தையே அந்தக் காய்ச்சல் சாய்த்த குளிர்காலத்தில் அவளும் படுத்தாள். எழுந்து வந்தபோது இளைத்திருந்தாள். அவ்வளவுதான் சேதம் என்று நினைத்தோம். ஊர் மறுபடியும் திறந்து, விமானங்கள் வர ஆரம்பித்த புதிதில் ஒருநாள், கூட்டத்தை வெளி மேசைகளில் உட்கார வைத்துவிட்டு என் அடுப்புக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். நான் பின்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்தேன். தெருவில் போன தபால்காரன் ஜன்னலில் தலையை நீட்டி, "என்னம்மா, என்னத்த கருக்குறீங்க?" என்று கேட்ட பிறகுதான் ஓடிவந்தேன். மொச்சை அடிப்பிடித்து, நாற்றம் கண்ணைக் கரித்தது. பானைக்குக் கையெட்டும் தூரத்தில் அர்மிண்டா நிம்மதியாகத் தன் குதிகாலை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"அடியே, இது நாறலையா உனக்கு?"

"எது?" என்றாள். பிறகு பானையைப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போயிற்று.

"போச்சுடி செலஸ்டே. காப்பி வெந்நீர் மாதிரி இருக்கு. சோப்பு வெறும் கல்லு மாதிரி இருக்கு. வாசன திரும்பி வரும்ங்கிறான் டாக்டரு, வராமலும் போகும்ங்கிறான். யாருகிட்டயும் சொல்லிடாத. மூக்கில்லாதவ பின்னாடி எவன் வருவான்?"

நான் பல்தசாரிடம் மட்டும் சொன்னேன். அவன் கொஞ்சம் வாயாடிதான், ஆனால் இந்த விஷயத்தில் கல்லுளிமங்கன். மறுநாளிலிருந்து அவன் பாலாடைக்கட்டியை வெட்டும்போதே உரக்கப் பேச ஆரம்பித்தான். "அக்கா, இன்னைக்குக் கொஞ்சம் உறைப்பா இருக்கு, மலைல மழ இல்லல்ல" என்பான். அர்மிண்டா தலையாட்டிக்கொண்டு அதையே அழகாக நீட்டி முழக்குவாள். என் கடையில் எந்தப் பாட்டிலையும் நான்தான் முதலில் திறந்து ஒரு வாய் பார்ப்பேன். நன்றாக இருந்தால் அவள் பக்கம் தள்ளுவேன். இல்லையென்றால் மேசைக்கடியில் போய்விடும். இப்படியே வருஷங்கள் ஓடின.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். மூக்கு போன பிறகுதான் அவளுக்கு வாய் முழுசாகத் திறந்தது என்று நான் சொல்வேன். முன்பெல்லாம், "நல்ல சரக்கு, குடிங்க" என்பதோடு சரி. இப்போது கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிப் பிடித்தால் கூட்டம் மூச்சுவிட மறந்துவிடும்.

"மூக்குகிட்ட கொண்டு போங்க பிள்ளைங்களா. அத்திப்பழம் காயவெச்ச மாடி தெரியுதா? எங்கப்பாவுக்கு ஆத்துக்கு அக்கரைல ஒயின் கிடங்குல வேல. சாயங்காலம் பாலத்து மேல நடந்தே வருவாரு. கோட்ட கழட்டிக் கதவுக்குப் பின்னாடி மாட்டுவாரு. நான் ஓடிப்போயி அந்தக் கோட்டுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு நிப்பேன். 'குடிக்காமலே கிறங்கிப் போவ, வெளிய வாடி'ன்னு எங்கம்மா கத்தும். இது அந்தக் கோட்டு வாசம். நல்லா இழுங்க."

எத்தனை தடவை கேட்டிருப்பேன் இதை! ஒவ்வொரு தடவையும் அடுப்படியில் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுவேன். அந்தக் கோட்டும் எனக்குத் தெரியும், அந்தக் கதவும் தெரியும். மாலையானால் எங்கள் படிக்கட்டில் வீட்டுக்கு வீடு கரியடுப்பை வெளியே வைத்து மத்தி சுடுவார்கள். மேலே கொடியில் காயும் துணியெல்லாம் மீன் வாசம் ஏறிப்போகும். பெண்கள் மாடிக்கு மாடி சண்டை போடுவார்கள். இப்போது அந்த மாடிகளில் வாரத்துக்கொரு குடும்பம் வந்து தங்கிப்போகிறது. காலையில் கேட்பது பெட்டிச் சக்கரங்களின் சத்தம்தான். அவர்களால்தான் என் அடுப்பு எரிகிறது, குறை சொல்லக்கூடாது. ஆனாலும் எனக்கு அந்தப் பழைய சந்து வேண்டும், ஒரே ஒரு சாயங்காலத்துக்காவது வேண்டும். அர்மிண்டா பேசும்போது அது கிடைத்தது.

போன மே மாதம் ஒரு ஹாலந்துக்காரர் தன் மனைவியோடு வந்தார். அவர்களுக்கு அன்று கல்யாண நாள். நல்ல பழைய பாட்டிலாக ஒன்று வேண்டும் என்றார். நான் எண்ணெய்ச் சட்டியில் உருண்டைகளைப் போட்டிருந்தேன், நகர முடியவில்லை. "இரு, வர்றேன்" என்று அர்மிண்டாவுக்குக் கையைக் காட்டினேன். அவள் இருக்கவில்லை. கல்யாண ஜோடிக்குக் கூட்டம் தட்டிய கைதட்டலில் உற்சாகம் ஏறிவிட்டது போலிருக்கிறது, தானே கார்க்கைப் பிடுங்கிவிட்டாள். எல்லாருக்கும் ஊற்றிக் கோட்டுக் கதையை ஆரம்பித்தாள். அன்றைக்கு என்னவோ வழக்கத்தைவிட நன்றாகவே சொன்னாள்.

கதை முடிந்ததும் யாரும் குடிக்கவில்லை. அந்த மனிதர் கெட்டவர் இல்லை. ஊரில் ஒயின் கடை வைத்திருக்கிறவர், மெதுவாகத்தான் சொன்னார். "மன்னிக்கணும்மா. கார்க் கெட்டுப்போயிருக்கு. ஈரச் சாக்கு நாத்தம் அடிக்குதே, உங்களுக்குத் தெரியலையா?"

அர்மிண்டா கோப்பையை முகர்ந்தாள். எதற்காக முகர்ந்தாளோ! மறுபடியும் முகர்ந்தாள். பிறகு கோப்பையை வைத்துவிட்டு, "தெரியல" என்றாள். "எனக்கு எதுவுமே தெரியாது. ரொம்ப வருஷமாவே தெரியாது." அவர் மனைவி ஏதோ ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அர்மிண்டா அகப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். மீதி வழிக்கு நான் கடையைப் பூட்டிவிட்டு அவர்களைக் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வழி தெரியும், கதை சொல்லத் தெரியாது.

அதற்குப் பிறகு அவள் சந்தை வாசலுக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பல்தசாரும் அவள் வீட்டுக்குப் போனோம். ஊருக்கு வெளியே ஐந்தாவது மாடியில் குடியிருக்கிறாள். எங்கள் சந்திலிருந்து வீட்டுக்காரன் அவளைக் கிளப்பி அங்கே அனுப்பி வருஷமாகிறது. தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"ஒரு ஆபீசுல படி துடைக்கிற வேலை இருக்காம். போகப்போறேன்."

"உனக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

"ருசி தெரியாதவ ருசிய சொல்லி ஊர ஏமாத்துனேன். அதுக்கு நீங்க ரெண்டு பேரும் உடந்தை. போதும்டி."

"யாரக்கா ஏமாத்துன? கோட்டு பொய்யா?" என்றான் பல்தசார்.

"கோட்டு நெசம். கோப்பை பொய்."

"அப்ப கோப்பைய நாங்க பாத்துக்கறோம், நீ கோட்ட பாத்துக்க."

"நீ சும்மா இருடா, பாலாடைக்கட்டி மூஞ்சி." திட்டியது நல்ல அறிகுறி என்று எனக்குத் தோன்றியது. ஆனால் துடைப்பதை அவள் நிறுத்தவில்லை. அவன் சொன்னது விளையாட்டாக இருந்தாலும் எனக்கு உள்ளே பயமாக இருந்தது. அவள் இல்லையென்றால் என் கடைக்குக் கூட்டம் குறையும், அது கிடக்கட்டும். அவளோடு அந்தச் சந்தும் போய்விடும். அந்தக் கதவு எங்கே இருந்தது என்று அவளைப் போலச் சொல்ல ஊரில் வேறு ஆளில்லை. அவளுக்கோ பேச ஆளில்லாவிட்டால் உயிரே இல்லை. யாரோ ஏறி இறங்கிய படியை வாய் பேசாமல் துடைத்துக்கொண்டு அவள் எத்தனை நாள் இருப்பாள்?

புனித யோவான் திருநாளுக்கு முந்தைய மதியம் நான் மத்திக்கு உப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். தெருவெல்லாம் காகிதத் தோரணம், பாட்டு, புகை. வாசலில் ஆண்பிள்ளைச் செருப்புச் சத்தம் கேட்டது. அர்மிண்டா நின்றாள், பின்னால் ஆறேழு பேர்.

"சந்தை வாசல்லயே சொல்லிட்டேன்டி, மூக்கு கிடையாதுன்னு. ரெண்டு பேரு அப்படியே திரும்பிப் போயிட்டாங்க. மிச்சம் இருக்கிறது இதுங்கதான். சோறு போடு."

எனக்கு அழுகை வந்தது. "கால அலம்பிட்டு உள்ள வா" என்று மட்டும் சொன்னேன்.

என் ஜன்னலின் வெளித்திட்டில் திருநாளுக்காக வாங்கிய துளசித் தொட்டி இருந்தது, சின்ன இலை, பந்து மாதிரிக் கத்தரித்தது, நடுவில் காகிதப் பூ செருகியது. அன்றைக்கு எங்கள் ஊரில் இது இல்லாத ஜன்னல் கிடையாது. கூட்டத்தில் ஓர் இளம்பெண் குனிந்து அதில் மூக்கை வைக்கப் போனாள்.

"அய்யய்யோ, மூக்க வெக்காத கண்ணு!" என்று அர்மிண்டா பாய்ந்தாள். "நேரா மோந்தா செடி வாடிப்போகும். உள்ளங்கையால மெதுவா தட்டணும். அப்புறம் கைய மோந்து பாக்கணும். இந்த ஊர்ல அப்படித்தான்."

ஒவ்வொருவராகத் தட்டினார்கள், கையை முகர்ந்தார்கள், கண்ணை மூடிச் சிரித்தார்கள். ஒருவர் எலுமிச்சை என்றார். ஒருவர் தன் தாத்தாவின் தோட்டம் என்றார். அர்மிண்டா ஒவ்வொருவர் வாயையும் பார்த்தபடி நின்றாள். முன்பெல்லாம் அவள் வாயைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். கடைசியில் அந்த இளம்பெண், "நீங்க தட்டலையா?" என்று கேட்டாள்.

அர்மிண்டா செடியின் தலையை மெல்லத் தட்டினாள். பழக்கத்தில் கை அவள் முகத்துப் பக்கம் பாதி தூரம் போய் நின்றது. பிறகு அந்தக் கையைத் திருப்பி, ஜன்னலுக்கு உள்பக்கம் நின்ற என் மூக்கின் கீழே நீட்டி, "நீ சொல்லுடி" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.