ஜன்னலில் ஒட்டிய உலகம்

போன வாரம் பழவங்காடியில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய், பென்ஷன் காகிதம் ஒன்றை நகலெடுக்கக் கொடுத்தேன். தாள் சூடாக, மை வாசனையோடு கைக்கு வந்தது. உடனே அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தேன். "எந்தா மாமி, சரியாயில்லே?" என்றார் கடைக்காரர். சரியாகத்தான் இருந்தது. இது என் பழைய வியாதி. வந்த கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

படிப்பு முடிந்த கையோடு, ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மலையாளப் பள்ளிக்கூடத்துக்குத் தற்காலிக டீச்சராகப் போனேன். எட்டாம் வகுப்பு, தமிழில் படிக்கிற பிள்ளைகளுக்கான தமிழ் டிவிஷன். பூகோளம் எடுக்க யாரும் முன்வராததால் அது என் தலையில் விழுந்தது. நான் கண்ட உலகமோ அந்தப் பக்கம் நாகர்கோவில், இந்தப் பக்கம் சங்குமுகம் கடற்கரை. வருஷக் கடைசியில் கல்வி இலாகா அதிகாரி வந்து பார்த்துத் திருப்தி என்று எழுதினால் வேலை நிரந்தரம். எனக்கு அந்த வேலை வேண்டும். நாற்பது பிள்ளைகள் எழுந்து நின்று "டீச்சர்" என்று கூப்பிடுவதில் அப்படி ஒரு கிறக்கம்.

பெயர் எதுவும் இல்லாத உலக மேப்பைக் கொடுத்து நாடுகளைக் குறிக்கச் சொன்னால் மனதில் தங்கும் என்று எனக்கு ஒரு யோசனை. மெழுகுத் தாளில் நானே உலகத்தைக் கீறி, ஆபீஸ் அறையில் இருந்த சைக்ளோஸ்டைல் என்கிற நகல் மெஷினின் உருளையில் மாட்டிச் சுற்றினேன். மாட்டியது மறுபக்கமாக. எழுத்து இருந்தால் முதல் தாளிலேயே தெரிந்திருக்கும். வெறும் கோடுதானே, கைமுட்டி வரை மை அப்பிக்கொண்டு அங்கே இருந்த ரெண்டு ரீம் தாளையும் அடித்து முடித்தேன்.

மறுநாள் முதல் பெஞ்சு கோமதி எழுந்தாள். அவள் அப்பாவுக்குச் சாலைத் தெருவில் பருப்புக் கடை. "டீச்சர், அமெரிக்கா எடம் மாறி ஜப்பான் பக்கமாக்கும் நிக்குது" என்றாள். ஹெட்மிஸ்ட்ரஸிடம் ஓடினேன். "டீச்சரே, இந்த வருஷம் கிட்டின பேப்பர் அம்புட்டும் அதுதான். இனி எவிடேருந்து எடுக்க?" என்றார்.

எடுக்க வேண்டாம். ஜன்னல் இருந்தது. தாளைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துப் பின்பக்கமாகப் பார்த்தால் உலகம் நேராகிவிடும். அங்கேயே குறிக்க வேண்டியது. முன்பக்கத்தில் பேனா பட்டால் முட்டிக்குக் கீழே அடி என்று மிரட்டியிருந்தேன். ஏழு மாதம் நாற்பது பேரும் முறை வைத்து ஜன்னலில் பல்லி போல ஒட்டிக்கொண்டு உலகம் படித்தார்கள். என்ன கேட்டாலும் டக்கென்று சொன்னார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

அதிகாரி வந்தார். கடையில் அச்சடித்த மேப்புகளைக் கையோடு கொண்டுவந்திருந்தார். "டீச்சர் மிண்டரது" என்று வாயைத் திறக்க விடாமல் என்னை ஓர் ஓரத்தில் நிற்க வைத்துவிட்டுத் தாள்களைக் கொடுத்தார். பிள்ளைகள் ஒழுங்காக எழுந்து, வரிசையாக ஜன்னலுக்குப் போய், தாளைத் திருப்பி ஒட்டினார்கள். நல்ல மேப் கெட்ட மேப் ஆயிற்று. அதிகாரி வாயைப் பிளந்தார். கோமதிதான் அவர் மேல் இரக்கப்பட்டாள்.

"சாரே, உங்களுக்கு யாரோ திருப்பி மறிச்சு அடிச்சுக் குடுத்து ஏமாத்திட்டா. எங்க டீச்சர் அடிச்சதாக்கும் சரி. வேணும்னா ஒண்ணு தரட்டா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டின. அவ்வளவு நம்பியிருக்கிறாள். அதிகாரி என்னைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், ஏதோ எழுதினார். திருப்தி என்று எழுதவில்லை.

இப்போது அந்தப் பள்ளிக்கூடத்தை இடித்து ஃப்ளாட் கட்டிவிட்டார்கள். தமிழ் டிவிஷன் அதற்கு முன்பே பிள்ளைகள் இல்லாமல் மூடிப்போனது. நான் முப்பது வருஷம் ஓர் அரசாங்க ஆபீஸில் ஃபைல் தள்ளினேன். அங்கே மேடம் என்றார்கள், சேச்சி என்றார்கள், கடைசியில் மாமி என்றார்கள். டீச்சர் என்று அப்புறம் யாருமே கூப்பிடவில்லை.