எண்ணெய் விட்ட பந்து

என் மச்சானை எனக்குப் பிடிக்காது. என் மனைவியின் அண்ணன் அவர். தாராவியில் அவருடைய தோல் பட்டறையில்தான் எனக்கு வேலை என்பதால், பிடிக்காததை வெளியே காட்டாமல் பல வருஷம் ஓட்டினேன். அவருக்கும் என்னைப் பிடிக்காது. முதலாளி என்பதால் அவர் அதை மறைக்கவில்லை. காலையில் எத்தனை மணிக்குப் போனாலும், "என்னவே மாப்ள, இப்பத்தான் விடிஞ்சுதா உமக்கு?" என்பதுதான் வரவேற்பு.

அவர் என்ன சொன்னாலும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் வெட்டுப் பலகை. பட்டறையில் அது ஒன்றுதான் இருந்தது. முழுத் தோலை அதில் விரித்து, பூச்சி தின்ற ஓட்டையும் முள் கீறலும் எங்கே என்று விரலால் தடவிப் பார்த்து, அவற்றை ஒதுக்கிக் கைப்பைத் துண்டுகளை வெட்டுபவன் நான். நான் வெட்டிப் போட்டால்தான் பசைக்காரனுக்கும் மிஷின்காரனுக்கும் வேலை. எனக்கு அந்த இடத்தில் கர்வம் உண்டு. மற்றவர்களைக் கொஞ்சம் காக்க வைக்கவும் செய்வேன்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மழைக்காலத்தில், பரணிலிருந்து தோல் கட்டோடு இறங்கும்போது இரும்பு ஏணியில் வழுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு ஒடிந்தது. மாவுக்கட்டைப் பிரித்தபோது கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது. பலகைக்குப் போய்க் கத்தியை அழுத்தினேன். வளைவில் கத்தி விலகியது. நல்ல ஆட்டுத்தோல் ஒன்று போயிற்று. மச்சான் என் கையிலிருந்து கத்தியை வாங்கிக்கொண்டார். தரையில் பசை டப்பா இருந்த பக்கம் கண்ணைக் காட்டினார். நேற்றுவரை நான் காக்க வைத்தவர்களின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பசை தடவினேன்.

அந்த வாரம்தான் அவர் பந்தைக் கொண்டுவந்தார். துபாயிலிருந்து வந்த யாரோ அவருக்குக் கொடுத்தது. சாத்துக்குடி அளவு. பிளாஸ்டிக் ஓட்டுக்குள் கனமான ஒரு சக்கரம். சக்கரத்தில் கயிற்றைச் சுற்றி வெடுக்கென்று இழுத்துவிட்டு, பந்தைப் பிடித்த கையின் மணிக்கட்டை மட்டும் வட்டமாகச் சுழற்ற வேண்டும். சரியாகச் சுழற்றினால் சக்கரம் வேகம் பிடித்துக்கொண்டே போகும். பந்து கையைப் பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். அதை அடக்கிப் பிடிப்பதில்தான் மணிக்கட்டுக்குப் பலம். மச்சான் எல்லோர் முன்னாலும் சுற்றிக் காட்டினார். அது வீல் வீலென்று கத்தியது. மிஷின்கள் நின்றுவிட்டன.

"பாத்தீரா? இது உம்ம கையில இப்படி என்னைக்குக் கத்துதோ, அன்னைக்குக் கத்தியத் தாரேன். அதுவரைக்கும் பசைதான்" என்று பந்தை என்னிடம் கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் காலையில் பரீட்சை. சாயா வந்ததும் எல்லோரும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பார்கள். நான் வீட்டில் விடாமல் பழகினேன். முதல் மாதம் வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது. இரண்டாம் மாதம் பந்து முனகியது, பிறகு ரீங்கரித்தது. இன்னும் கொஞ்சம்தான் என்று நினைத்தேன். அதற்கப்புறம் அது இறங்க ஆரம்பித்தது. எவ்வளவு சுழற்றினாலும் வேகம் ஏறாமல், சக்கரம் சோம்பேறித்தனமாக நாலு சுற்றுச் சுற்றி நின்றது. கை வலி போய்விட்டது, கிண்ணத்தைப் பிடிக்க முடிகிறது, வாளியைத் தூக்க முடிகிறது. பந்து மட்டும் மாட்டேன் என்றது.

"கதம்வே. உம்ம கை அவ்வளவுதான்" என்று மச்சான் உச்சுக் கொட்டினார். ஒருத்தன் சிரித்தான். நான் பசை டப்பாவை இழுத்துக்கொண்டேன். அவர் பலகையில் நின்று வெட்டுவதைத் தரையிலிருந்து பார்ப்பேன். நன்றாகத்தான் வெட்டுவார். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, பட்டறைக்கு விடுமுறை நாள், என் மனைவி தலையணை உறையைக் கொண்டுவந்து முகத்துக்கு நேரே நீட்டினாள். நான் படுத்துக்கொண்டே பழகிவிட்டுப் பந்தைத் தலையணையில் வைத்திருந்தேன். உறையில் கறுப்பாக எண்ணெய்க் கறை.

"அந்தப் பந்துக்குள்ள எதுக்கு எண்ணெய ஊத்துதீங்க? தொவைக்கது நானா நீங்களா?"

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறையை மூடும் முன் எல்லாத் தையல் மிஷின்களுக்கும் எண்ணெய் விடுவது வழக்கம். மூன்றாம் மாதத்திலிருந்து நான் பந்துக்கும் இரண்டு சொட்டு விட்டுவந்தேன். சுழலுகிற எதற்கும் எண்ணெய் வேண்டும் என்பதில் எங்கள் சந்தில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. அவள்மேல் வந்த எரிச்சலில், சட்டையில் பசை பட்டால் துடைக்க வைத்திருந்த பெட்ரோலைத் துணியில் நனைத்துப் பந்தின் உள்ளே துடைத்தேன். தோல் தூளும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புக் களியாக வந்தது. காய்ந்ததும் கயிற்றை இழுத்தேன். பந்து கத்திய கத்தலில் அடுப்படிப் பாத்திரங்கள் அதிர்ந்தன.

அப்போதுதான் ஓட்டுக்குள் உற்றுப் பார்த்தேன். சக்கரத்தின் அச்சு முனை இரண்டும் ஓட்டின் உள்ளே சுற்றி ஓடும் ஒரு பள்ளத்தில் உட்கார்ந்திருந்தன. முனை அந்தப் பள்ளத்தைக் கவ்வி உருண்டால்தான் கையின் சுழற்சி சக்கரத்துக்குப் போகும். எண்ணெய் விட்டால் முனை வழுக்கும்; கை சுற்றும், சக்கரம் சும்மா இருக்கும். என் கை எப்போதோ சரியாகிவிட்டிருந்தது. நானே எண்ணெய் விட்டு வாராவாரம் பந்தைக் கெடுத்திருக்கிறேன்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. மறுநாள் கத்த வைத்துக் கத்தியை வாங்கினால் போதாது என்று தோன்றியது. நான் பட்டதை அவரும் அத்தனை பேர் முன்னால் பட வேண்டும். சனிக்கிழமை காலை பந்துக்குள் பத்துச் சொட்டு எண்ணெய் விட்டு எடுத்துப் போனேன்.

வழக்கம்போல் சுற்றினேன், வழக்கம்போல் நின்றது. அவர் உச்சுக் கொட்டினார். "எப்படின்னு நீங்க ஒருக்க காட்டுங்க மச்சான், மறந்துபோச்சு" என்று பந்தை நீட்டினேன்.

கயிற்றை இழுத்தார். சுற்றினார். நின்றது. மறுபடி இழுத்தார். நாலாவது தடவை நெற்றி வேர்த்தது. யாரும் சிரிக்கவில்லை. முதலாளியைப் பார்த்துச் சிரிக்க முடியாது. எல்லோரும் சாயாவைப் பார்த்துக் குடித்தார்கள். எனக்கு அன்று மத்தியானச் சோறு ரொம்ப ருசித்தது.

அன்று ராத்திரி பெட்ரோலால் துடைத்தேன். மறுநாள் பந்து என் கையில் கத்தியது. மச்சான் சொன்ன சொல் மாறாமல் கத்தியைக் கொடுத்தார். கொடுக்கும்போது என் மணிக்கட்டை ஒரு கணம் பார்த்தார்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். அவர் அதற்கப்புறம் கத்தியைத் தொடவில்லை. அவசர ஆர்டர் வந்தால் இரண்டு பேரும் மாறி மாறி வெட்டுவது வழக்கம். இப்போது, "நீரே வெட்டும்" என்று ஒதுங்கினார். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து விரல்களை மடக்கி விரிப்பதைப் பார்த்தேன். "எங்க அண்ணன் தினம் கைக்கு நல்லெண்ண தேச்சு வெந்நி ஊத்துதாரு. நரம்பு செத்துட்டுங்காரு" என்றாள் என் மனைவி. நான் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. அவருக்கு வேண்டும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். பந்தை மட்டும் தினமும் சுற்றி, அது கத்துவதைக் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

மூன்று நாலு மாதம் கழித்து மச்சான் என் வீட்டுக்கு வந்தார். வந்தால் உட்காராத ஆள், உட்கார்ந்தார். "அந்தப் பந்தத் தாரும். கைக்கு இப்பக் கொஞ்சம் தேவலை. ஒரு தடவ பாக்கேன்."

உள்ளே போய் அதைப் பெட்ரோலால் மூன்று தடவை துடைத்தேன். அன்று அது அவர் கையில் கத்த வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்பட்டேன். ஆனால் சில வாரங்களாகவே அதன் சத்தம் மாறியிருந்தது. எண்ணெயில் ஊறிய தூள் உப்புத்தாள் மாதிரி பள்ளத்தை அராவியிருந்தது. மிச்சத்தை நான் தினமும் சுற்றியது தேய்த்துவிட்டது. அச்சு முனைகள் மழுங்கிச் சக்கரம் லொடலொடத்தது. அவர் சுற்றினார். கடகடவென்று ஆடி நின்றது.

"பந்து தேஞ்சுட்டு மச்சான்" என்றேன். "உங்க கையில ஒண்ணும் இல்ல. அன்னைக்கு நான்தான் எண்ணெய விட்டுக் கொண்டாந்தேன்."

அவர் சிரித்தார். "எண்ணெ விட்டா நல்லாத்தானவே சுத்தும்?"

நான் பந்தைப் பிடுங்கிச் சுற்றினேன். என் கையிலும் அது கடகடத்து நின்றது. இன்னொரு தடவை, என் பலம் முழுவதையும் போட்டுச் சுற்றினேன். நின்றது.

"வேணும்னே நிக்க விடுதீரு" என்றார். "நடிக்காதீரும்வே. எனக்கு எரக்கம் பாக்க நீரு யாரு?"

எழுந்து, இடது கையால் கதவைத் திறந்துகொண்டு போனார். என் மனைவி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். மறுநாள் காலை நான் பலகைக்குப் போனேன். எனக்கு முன்பே வந்திருந்த மச்சான், அவசர ஆர்டர் என்று, தரையில் உட்கார்ந்து பசை தடவிக்கொண்டிருந்தார்.