ஜாய்சன் பாஸ் போடாத பிரேக்

காக்ஸ் டவுன் ஜாய்சன் முப்பத்து நான்கு வருஷம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக இருந்தவர். அதாவது, அடுத்தவர் செய்த பொருளைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிற உத்தியோகம். அத்தனை வருஷத்தில் அவர் ஒரு திருகாணிகூடச் செய்ததில்லை. ஒரு திருகாணியையும் லேசில் விட்டதுமில்லை. ஓய்வு பெற்ற அன்று போட்ட மாலையில் இரண்டு பூ வாடியிருந்ததை மேடையிலேயே சொன்னார்.

அவருடைய காருக்கு வயது இருபத்திரண்டு. பிரேக்கை மிதித்தால் படுத்திருக்கும் தெருநாய்கள் எழுந்து நிற்கும். அவர் மனைவி ஹெப்சிபா, கணக்கு டீச்சர், செவ்வாய்க்கிழமையன்று ஒரு கெடு வைத்துவிட்டார்.

"சனிக்கிழமை கேஜிஎஃப்ல எங்க அண்ணன் பொண்ணு கல்யாணம். அதுக்குள்ள இந்தக் கூச்சல் நிக்கணும். இல்லேன்னா நான் டாக்சியில போறேன், நீங்க இதுல தனியா வாங்க."

புருஷன் ஒரு வண்டியிலும் பெண்டாட்டி ஒரு வண்டியிலும் போய் இறங்கினால் மச்சான் வீட்டில் மூன்று தலைமுறைக்குப் பேசுவார்கள். ஆனால் ஜாய்சன் மெக்கானிக்குகளை நம்புவதில்லை. நியாயமாகச் சொன்னால், முதுகுக்குப் பின்னால் நின்று "ம்ஹூம்" என்கிறவரை மெக்கானிக்குகளும் சேர்ப்பதில்லை. ஆகவே முன்சக்கர பிரேக் டிஸ்க்கையும் அதைக் கவ்விப் பிடிக்கும் பேடையும் வீட்டு வாசலில் தானே மாற்றுவது என்று முடிவாயிற்று.

ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடையில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து இரண்டு செட் பேடைத் திருப்பிக் கொடுத்தார். மூன்றாவதற்குக் கடைக்காரர் கன்னடத்தில், "நீவே ஆரிஸ்கொள்ளி ஸார்", அதாவது நீங்களே பொறுக்கிக்கொள்ளுங்கள், என்று அட்டைப்பெட்டியையே அவர் பக்கம் தள்ளிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

வியாழக்கிழமை காலை ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். பிறகு நட்டைத் திருகினார். நட்டு அசையவில்லை, சக்கரம் சுற்றியது.

"தரையில இருக்கும்போதே நட்டைத் தளர்த்தணும்ங்க. அந்தரத்துல இருந்தா சுத்தத்தான் செய்யும். இது ஆறாங்கிளாஸ் பாடம்" என்றார் ஹெப்சிபா, ஜன்னலிலிருந்து.

இறக்கி, தளர்த்தி, மறுபடி தூக்கினார். துருப்பிடித்த பழைய டிஸ்க் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது. வேறு யாராவது அதைச் சுத்தியலால் அடித்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார். தானே அடித்தபோது அது பக்குவமாகத் தட்டுவது ஆயிற்று. புதிய பேடு தடிமன் என்பதால் அதைத் தள்ளும் பிஸ்டனை உள்ளே அழுத்த வேண்டியிருந்தது. அழுத்தியதும் பானட்டுக்குள் இருந்த டப்பாவிலிருந்து பிரேக் ஆயில் பொங்கி வழிந்தது. காலையில்தான், முன்ஜாக்கிரதையாக, அதை விளிம்பு வரை நிரப்பியிருந்தார்.

எல்லாம் பூட்டி முடித்து பெடலை மிதித்தார். அது தரை வரை போயிற்று, அவர் நெஞ்சும் கூடவே போயிற்று. கையேட்டைப் பார்த்தார்: பலமுறை மிதிக்கவும். ஆறாவது மிதியில் பெடல் கெட்டியானது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தெருவைச் சுற்றி வந்தார். சத்தமே இல்லை.

"பாஸா?" என்று கேட்டார் ஹெப்சிபா.

"அதை நான் சொல்லக் கூடாது. வேலை செஞ்சவனே பாஸ் போடக் கூடாதுன்னு ரூல்."

"நாளைக்கு அதே வண்டியில நான் உட்காரணுமே!"

"பார்வைக்குச் சரியாத்தான் இருக்கு."

"பார்வைக்கா? சரி, அந்த மரத்துக்கிட்ட நடுரோட்டுல போய் நில்லுங்க. நான் ஓட்டிட்டு வந்து அஞ்சடி தள்ளி நிறுத்தறேன். நீங்க நம்பி நின்னா நானும் நம்பறேன்."

ஹெப்சிபாவிடம் பதினைந்து வருஷமாக லைசென்ஸ் இருந்தது; சாவிதான் ஜாய்சனிடம் இருந்தது. கொடுத்தார். போய் நின்றார். ஒவ்வொரு போல்ட்டையும் மூன்று முறை சோதித்தவர் அவர்தான். வண்டி எருமை நடையில்தான் வந்தது. இருந்தும் பத்தடி இருக்கும்போது, அவரைக் கேட்காமலேயே அவர் கால்கள் நடைபாதையில் ஏறிவிட்டன.

வண்டி சொன்ன இடத்தில், சத்தமில்லாமல், அவர் நின்றிருந்த, இப்போது ஆளில்லாத இடத்துக்கு ஐந்தடி முன்னால் நின்றது.

"ஏன் ஓடினீங்க?"

"பிரேக் மேல சந்தேகமில்ல ஹெப்சி. ஓட்டறவங்க மேலதான்."

"அப்போ பிரேக் பாஸ்?"

ஜாய்சன் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். "...பாஸ்."

"நானும் சொன்ன இடத்துல நிறுத்திட்டேன். இங்க ஒரே ஒருத்தர்தான் பெயில்."

சனிக்கிழமை இருவரும் ஒரே வண்டியில்தான் கேஜிஎஃப் போனார்கள். ஓட்டியது ஹெப்சிபா. இடது பக்கம் உட்கார்ந்திருந்த ஜாய்சன் ஒவ்வொரு சிக்னலிலும் வலது காலால் வெறும் கால்மிதியை அழுத்தினார். அழுத்தும்போதெல்லாம் வண்டி நின்றது.