கீறல் விழுந்த சக்களத்தி

என் வீட்டுக்காரர் ஓரிடத்தில் சேர்ந்தாற்போல் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவர் மாதிரி ஆயுசு பூராவும் ஓடுகிற ஆள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் கடைசி ஆசீர்வாதம் கொடுக்கும் முன்னாலேயே வண்டிச் சாவி கைக்கு வந்துவிடும். நான் கண்ணாடி முன்னால் கொசுவத்தைச் சொருகிக்கொண்டிருப்பேன், வாசலில் ஹாரன் அலறும். கல்யாண வீட்டில் பாயசம் வரும் முன்னாலேயே இலையை மூடிவிட்டு எழுந்து நிற்பார். நத்தம் ரோட்டில் உரக்கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் ரொம்பப் பொறுமையாகப் பேசுவாராம். நான் கேள்விப்பட்டதோடு சரி.

அப்பேர்ப்பட்ட மனுசனை ஒரு ஜப்பான்காரி பிடித்து உட்கார வைத்தாள் என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

எல்லாம் ஒரு மழையால் வந்த வினை. ஏதோ வேலையாக டவுனுக்குள் போனவர், மழைக்கு ஒரு கல்லூரி அரங்கில் ஒதுங்கியிருக்கிறார். உள்ளே பழைய ஜப்பான் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்ததாம். மழை விட்ட பிறகும் எழுந்து வரவில்லை. வீட்டுக்கு வந்து தலையைக்கூடத் துவட்டாமல், ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடுகிறது, அம்புட்டுத்தான் கதை, ஆனால் பாரு என்று ஆரம்பித்து, மேலே சொல்லத் தெரியாமல் நின்றார். யூரியாவையும் பூச்சிமருந்தையும் தவிர வேறு பேச்சு அறியாத வாய் அப்படித் திணறியதைப் பார்த்து நான் சிரித்தேன். அன்றைக்கே உஷாராகியிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு டிஸ்க் வாங்க ஆரம்பித்தார். போனிலேயே எல்லாப் படமும் வருகிற காலத்தில் டிஸ்க் எதற்கு என்று கேட்டேன். போனில் இன்றைக்கு இருக்கும், நாளைக்கு எடுத்துவிடுவான், கையில் இருப்பதுதான் நம்முடையது என்றார். மதுரையில் பழைய டிஸ்க் விற்கிற சந்துகள், ஆன்லைன், தெரிந்தவர், தெரியாதவர் என்று ஓர் இடம் பாக்கியில்லை. சென்னையில் இழுத்து மூடிய ஒரு வாடகை டிஸ்க் லைப்ரரியிலிருந்து உரச் சாக்கு நிறையக் கட்டிக்கொண்டு வந்து இறக்கினார். வெளிநாட்டு டிஸ்க் நம்மூர்ப் பிளேயரில் ஓடாது என்று, எல்லா நாட்டு டிஸ்கும் ஓடுகிற பிளேயர் வேறு வந்தது.

தூசி படக்கூடாதென்று பீரோவில் நடுத்தட்டைக் கேட்டார். அது என் சின்னாளபட்டிச் சேலைகள் இருந்த தட்டு. சேலைகள் கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டிக்குப் போயின, ஜப்பான்காரர்கள் பீரோவுக்குக் குடி வந்தார்கள். அதோடு விட்டாரா? டிஸ்க் துடைக்க மெத்தென்ற பருத்தித் துணி வேண்டுமென்று, நான் ஆசை ஆசையாகக் கட்டி நைந்துபோன சுங்குடிச் சேலையைக் கிழித்தார். பாத்திரம் துடைப்பது மாதிரி வட்டமாகத் துடைக்கக் கூடாதாம். நடுவிலிருந்து ஓரத்துக்கு, நேராக, மெல்ல மெல்லத் துடைக்க வேண்டுமாம். கைக்குழந்தைக்குப் பவுடர் போடுகிற மாதிரி துடைப்பார். என் முதுகுப் பிடிப்புக்குத் தைலம் தேய்க்கச் சொன்னபோது சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பதுபோல் தேய்த்த அதே கைதான்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவளைத்தான் பொறுக்க முடியவில்லை.

அந்த உரச் சாக்கில் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஆற்றோரப் படகுத்துறையில் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை வைத்துப் பிழைக்கிறவளின் கதை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு சாப்பிட்ட கையோடு இவர் அதைத்தான் போடுவார். நான் அடுப்படியில் பாத்திரம் கழுவிக்கொண்டே ஒரு காதை ஹாலுக்குக் கொடுத்திருப்பேன். ஓரிடத்தில் சத்தம் பொசுக்கென்று நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் டிவி நிறைய அவள் முகம். யாரோ கூப்பிட்டுத் திரும்பினவள், சிரிக்கப் போகிறவள், இன்னும் சிரிக்கவில்லை. இவர் ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் பார்த்துக்கொண்டிருப்பார். வாரா வாரம் இதே கூத்து. ரிமோட்டை அமுக்கி அவளை நிறுத்தி வைத்து ரசிக்கிறார் என்றுதான் நினைத்தேன். வேறென்ன நினைப்பது?

பொய் சொல்வானேன், வயிறு எரிந்தது. நான் கணக்கு டீச்சர். போர்டில் வட்டம் போட்டால் அந்த வட்டத்துக்குள் அவள் மூஞ்சி வந்து நின்றது. மூக்கு என்னுடையதைவிடச் சப்பை என்று ஓர் ஆறுதல். கழுத்து நீளம், அதை ஒன்றும் சொல்வதற்கில்லை. குஜிலியம்பாறையில் வாக்கப்பட்டிருக்கிற என் தங்கச்சிக்குப் போன் போட்டு, அழாத குறையாகச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தப் பொம்பளை செத்தே எம்புட்டுக் காலம் ஆகியிருக்கும், சக்களத்திச் சண்டை போட உனக்கு உசிரோடு ஆள் கிடைக்கவில்லையா என்றாள். உசிரோடு இருந்தால் சண்டையாவது போட்டிருப்பேனே, அதுதானே என் வயித்தெரிச்சல்! செத்தவளுக்கு முடி நரைக்காது, மூட்டு வலிக்காது, இடுப்பு பெருக்காது. அவளோடு நான் எந்தக் காலத்தில் போட்டி போட்டு ஜெயிப்பது?

பள்ளிக்கூடம் லீவான ஒரு சனிக்கிழமை, அவர் கடைக்குப் போன பிறகு பீரோவைத் திறந்தேன். யாரடி நீ, வா பார்ப்போம் என்று அந்த டிஸ்கை எடுத்துப் போட்டேன். திட்டுவதற்கென்றே உட்கார்ந்தவள், கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்தைப் படித்துப் படித்து, கொஞ்ச நேரத்தில் திட்ட மறந்துபோனேன். வாசலில் செருப்பைக் கழற்றி ஒழுங்காகத் திருப்பி வைக்கிறாள். வந்தவனுக்கெல்லாம் சோறு போட்டுவிட்டுத் தான் மட்டும் நின்றபடியே நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். இதென்னடா, நம் வீட்டை ஜப்பானில் கொண்டுபோய்ப் படம் பிடித்திருக்கிறார்கள் என்று தோன்றியது.

அந்த இடமும் வந்தது. படகு கரை சேருகிறது, யாரோ கூப்பிடுகிறார்கள், அவள் திரும்புகிறாள், நின்றுவிட்டாள். நான் ரிமோட்டைத் தொடவே இல்லை. பிளேயருக்குள் கர்ர் கர்ர் என்று ஏதோ திணறியது. அதன் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன், மசியவில்லை. சும்மா உட்காருவானேன் என்று விளக்குமாற்றை எடுத்து வாசலைப் பெருக்கிவிட்டு வந்தேன், அப்போதும் நின்றாள். பிறகு தானாகவே அசைந்து கொடுத்துச் சிரித்தாள். டிஸ்கை வெளியே எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினால், நீளமாக ஒரு கீறல்.

அடச் சீ, இம்புட்டுத்தானா! அவர் ஒன்றும் நிறுத்தி வைத்து ரசிக்கவில்லை, டிஸ்க்தான் சிக்கிக்கொள்கிறது. அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டை வறுத்துச் சோற்றுக்கு வெஞ்சனமாக வைத்தேன். என்ன விசேஷம் என்று கேட்டார். சும்மாதான் என்றேன்.

அதற்குப் பிறகு எனக்கும் பைத்தியம் பிடித்துக்கொண்டது. வாள் சண்டைப் படங்கள் எனக்கு ஒத்து வரவில்லை. வீட்டுக்குள் நடக்கிற படங்கள்தான் வேண்டும். ஒருத்தரும் கத்தாமல், ஒருத்தரும் நெஞ்சில் அடித்துக்கொள்ளாமல், ஆப்பிள் சீவிக்கொண்டே மனசு உடைந்துபோவார்கள். இப்படியும் அழலாமா என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நானும் அவரோடு உட்கார ஆரம்பித்தேன். உட்காருவது என்ன, குக்கர் கூப்பிட்டால் போய், மொட்டைமாடியில் காயப்போட்ட துணி ஞாபகம் வந்தால் ஓடி, இடையிடையே வந்து பார்த்துக்கொள்வேன்.

அப்படி ஒரு ஞாயிறு, அவள் சிக்கி நின்றபோது, பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். இப்படி நின்று உயிரை வாங்குகிறதே, அடுத்த சீனுக்குத் தள்ளிவிட வேண்டியதுதானே? அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்.

"தள்ளுனா சிரிக்கிறது போயிரும்ல. செத்த நேரம் பொறுத்தா அவளே சிரிப்பா."

செத்த நேரம் பொறுத்தால்! இந்த வார்த்தையை அந்த வாயிலிருந்து நான் கேட்டதே கிடையாது. நான் கொசுவம் சொருகுகிறவரைக்கும் பொறுக்காத மனுசன், கீறல் விழுந்த டிஸ்கில் ஒருத்தி சிரிக்கிறவரைக்கும் பொறுக்கிறார். நிறுத்தி வைத்து ரசித்திருந்தால்கூட ஆம்பளைப் புத்தி என்று விட்டிருப்பேன். இது காத்திருப்பது. எனக்காக ஒரு நாளும் காத்திராதவர் அவளுக்காகக் காத்திருக்கிறார். மாடியில் துணி எடுக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டேன்.

சும்மா விடுவேனா? சிங்கப்பூரில் இருக்கிற அக்கா மகனை நச்சரித்து, அதே படத்தைப் புத்தம் புதுசாக, பழைய பிரிண்டையெல்லாம் சுத்தம் பண்ணிப் பளிச்சென்று போட்ட டிஸ்காக வரவழைத்தேன். அவர் பிறந்தநாளுக்குக் கொடுத்தேன். இம்புட்டுப் பிரியமா என்று நெகிழ்ந்துபோனார். பிரியமாவது மண்ணாவது! இந்தச் சிறுக்கி இனிமேல் நிற்காமல் போய்த் தொலையட்டும் என்பதுதான் என் எண்ணம்.

அன்றைக்கே போட்டுப் பார்த்தோம். படகு வந்தது, கூப்பிட்டார்கள், திரும்பினாள், சிரித்தாள், போய்விட்டாள். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. நல்ல தெளிவா இருக்கு என்றார். ஆமாம், ரொம்பத் தெளிவு என்றேன். மனசுக்குள் ஒரு குத்தாட்டமே போட்டேன்.

அடுத்த ஞாயிறு, ராத்திரிச் சோற்றுக்கு அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். ஹாலில் படம் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. புது டிஸ்க் நிற்காதே! எழுந்து போய்ப் பார்த்தால், நான் கொடுத்தது மூடின மேனிக்கு மேஜைமேல் இருக்கிறது. பக்கத்தில் பழைய டிஸ்கின் உறை காலியாகத் திறந்து கிடக்கிறது. டிவியில் அவள், சிரிக்கப் போகிறவள். இவர், மடியில் ரிமோட்டோடு.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வெங்காயக் கையோடு நேராகப் போய் டிவியை மறைத்துக்கொண்டு நின்றேன்.

"நான் இப்புடி நின்னா எனக்கும் காத்திருப்பீகளா?"

ஏதாவது கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, சாவகாசமாகச் சொன்னார்.

"நீ எங்க நிக்கிற? கல்யாணமான நாள்லருந்து நானும் பாக்குறேன், ஒரு எடத்துல நீ நின்னதே இல்ல. ஹாரன் அடிச்சாத்தான் அடுப்படிய விட்டே வெளிய வாரே."

நான் நின்றால் இந்த வீட்டில் சோறு வேகுமா என்று கேட்க வாய்வரைக்கும் வந்துவிட்டது. அதற்குள் உள்ளே குக்கர் விசில் அடித்தது. கால் தன்னால் அடுப்படிப் பக்கம் திரும்பியது, பிடித்து நிறுத்தினேன். மறுபடியும் விசில் அடித்தது. சோறு குழைந்தால் குழையட்டும் என்று நின்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. வெங்காயக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையில் சுற்றிக்கொண்டேன்.

என் முதுகுக்குப் பின்னால் பிளேயர் கர்ர் என்று திணறியது. படகுச் சத்தம் கேட்டது. படம் ஓட ஆரம்பித்துவிட்டது, அவள் இப்போது சிரிப்பாள். நான் திரும்பவில்லை, அவர் கண்ணையே பார்த்தேன். அந்தக் கண் என் தோளைத் தாண்டி ஒரு தடவை டிவிக்குப் போனது. உடனே திரும்பி என்னிடம் வந்துவிட்டது. வந்ததென்னவோ வாஸ்தவம். ஆனாலும் போய்விட்டுத்தான் வந்தது.