நெம்பி எடுத்த கல்

லண்டன் மியூசியம் ஒன்றில், கண்ணாடிக்குப் பின்னால், முகலாய மாளிகைச் சுவரின் துண்டு ஒன்று இருந்தது. வெள்ளைப் பளிங்கைக் குடைந்து, சிவப்புக் கல்லில் இதழும் பச்சைக் கல்லில் இலையும் பதித்திருந்தார்கள். பொருத்தில் ஒரு மயிர்கூட நுழையாது. ஆனால் பளிங்கின் சுற்றுவிளிம்பு சில்லுச் சில்லாகப் பெயர்ந்திருந்தது. இதே லண்டனில், வால்தம்ஸ்டோ பகுதியில், இருபது வருடமாக வீடுகளுக்கு டைல்ஸ் பதிக்கிறவன் நான். உளி வைத்து நெம்பிய தடம் எனக்குத் தெரியாதா? கீழே எழுதியிருந்தார்கள்: ‘பாதுகாப்பதற்காக எடுத்துவரப்பட்டது.’

இதே கதையைப் பத்து வயதில் கேட்டிருக்கிறேன். சண்டைக்கு இடம்பெயர்ந்து யாழ்ப்பாணம் திரும்பியபோது எங்கள் வீட்டு முன்விறாந்தை வெறும் மண்ணாகக் கிடந்தது. சனிக்கிழமைதோறும் அப்பா தேங்காயெண்ணெய்த் துணியால் துடைத்த பூப்போட்ட தரைக்கற்கள் பக்கத்து வீட்டில் பதிக்கப்பட்டிருந்தன. அந்த எண்ணெய் வாசம்கூடப் போகவில்லை. உடைந்த விளிம்பு ஒன்று என் பாதத்தைக் கீறியது.

“பாதுகாப்பா இருக்கட்டும் எண்டுதான் கழட்டினனான், அண்ணை,” என்றார் அந்த வீட்டுக்காரர். “தேத்தண்ணி குடிக்கிறியளோ?”

“ஓம்,” என்றார் அப்பா. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, தன்னுடைய கல்லின் மேலேயே விருந்தாளியாக நின்று குடித்தார். அந்தக் கோப்பையைத் தட்டிவிட இன்றும் என் கை துருதுருக்கிறது.

“கள்ளர்!” என்று மியூசியத்தில் கத்திவிட்டேன்.

கூட வந்திருந்த மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். “எல்லாரும் பாக்கினம், அப்பா. வாங்கோ, கீழ இருக்கிற கடையில தேத்தண்ணி குடிப்பம்.”

“இஞ்சை ஒரு சொட்டும் குடிக்க மாட்டன்,” என்றேன்.