போறேன் என்று சொன்ன காலை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பொய்யில்லை. ஓசூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் பதினான்கு வருஷமாகக் குவாலிட்டியில் இருக்கிறேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒவ்வொரு பீஸாகக் கையில் எடுத்துக் குறை தேடுவதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்தாலும் அந்தப் புத்தி என்னை விட்டுப் போகாது. சாம்பாரில் உப்பு, மிக்ஸி மூடியில் விரிசல் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். "இது கம்பெனி இல்லீங்க, வீடு. எல்லாத்தையும் பாஸ் பண்ணி உடுங்க" என்பாள்.

லாக்டவுனில் கம்பெனி மூடியிருந்தபோதுதான் அந்த ஜப்பான் தொடரைப் பார்க்க ஆரம்பித்தோம். நான் கார்ட்டூன் என்றால் என் டிபார்ட்மெண்ட் பையன்கள், "அனிமேண்ணா, அனிமே" என்று திருத்துவார்கள். கடல் ஒரு ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிக்கொண்டிருக்கிறது. அந்த ஊரில் தண்ணீரைக் கண்டாலே அழுகிற ஒரு பொடியன். அப்பா அம்மா கிடையாது. கடை வைத்து அவனை வளர்க்கும் அக்கா மட்டும்தான். முதல் நாலு எபிசோடு பார்த்துவிட்டு, இவன் எதற்கெடுத்தாலும் ஒப்பாரி வைக்கிறான், வேறு எதையாவது போடு என்றேன். என் மனைவி கேட்கவில்லை. அறுநூறு எபிசோடுக்கு மேல் போனது. அவன் துடுப்புப் போடக் கற்றான், படகோட்டியானான், மூழ்கும் தெருக்களிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை. அவன் எங்கள் வீட்டு ஹாலில்தான் வளர்ந்தான்.

தமிழில் அந்தத் தொடர் வரவில்லை. படத்துக்குக் கீழே இங்கிலீஷில் ஓடும். அவளுக்கு இங்கிலீஷ் வராது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் பூண்டு உரித்துக்கொண்டோ அவரைக்காய் கிள்ளிக்கொண்டோ உட்கார்ந்திருப்பாள். நான் படித்துப் படித்துத் தமிழில் சொல்வேன். ஒரு நாள் அந்தப் பையன் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவிடம் ஏதோ சொன்னான். "நான் போறேன்னு சொல்றான்" என்றேன். அவள் பூண்டைக் கீழே வைத்துவிட்டாள்.

வீட்டை விட்டுக் கிளம்புகிறவன் எவனாவது போறேன் என்று சொல்வானா என்று என்னைக் கேட்டாள். கீழே அப்படித்தான் எழுதியிருக்கிறது, நான் என்ன செய்ய என்றேன். நிறுத்தி மறுபடி போடச் சொன்னாள். இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரியாததால் அவள் காதால்தான் அந்தத் தொடரைப் பார்த்தாள் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கிளம்பும்போதெல்லாம் அவன் இத்தெகிமாஸ் என்கிறான், உள்ளேயிருந்து அக்கா இத்தெராஷாய் என்கிறாள், நீங்கள்தான் கவனிக்கவில்லை என்று என்னையே ரிஜெக்ட் செய்தாள். மறுநாள் கம்பெனியில் ஜப்பானுக்குப் பயிற்சிக்குப் போய்வந்த ஒருவரிடம் கேட்டேன். இத்தெகிமாஸ் என்றால் சொல்லுக்குச் சொல் "போயிட்டு வரேன்" என்றார். பதில், "போயிட்டு வா".

அதைச் சொன்னதும் அவளுக்குப் பிடிபடவில்லை சந்தோஷம். அவள் ஊர் பர்கூர் பக்கம், வீட்டில் தெலுங்கு. "எங்க வூட்ல பொய்யொஸ்தாம்னு சொல்வோம், போயிட்டு வரோம்னு அர்த்தம். கீழ ஓனரம்மா கன்னடத்துல ஹோக்பர்த்தீனிங்கறாங்க, அதுவும் அதான். உங்க ஊர்ல போறதையே சொல்லாம வாறேன்றீங்க. ஜப்பான்காரனும் அதத்தான் சொல்றான். இங்கிலீஷ்காரனுக்குத்தான் திரும்பி வரத் தெரியல." நான் அருப்புக்கோட்டைப் பக்கம். அந்த "வாறேன்" ஒன்றை வைத்தே என்னைக் கல்யாணமான நாளிலிருந்து கிண்டல் செய்தவள் அவள்.

தொடரின் கடைசி சீசன் அறிவித்தபோது அவளுக்கு ரத்தத்தில் நோய் என்று சொல்லியிருந்தார்கள். கர்நாடகா பார்டர் தாண்டி அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். விடிந்ததுமே அவள் தங்கை வந்துவிடுவாள், பகலில் கூட இருப்பாள். நான் வார்டில் படுத்து எழுந்து, காலையில் பஸ் பிடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய், சாயங்காலம் திரும்புவேன். வாரம் ஒரு எபிசோடு வந்தது. செல்போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு நான் தமிழ் சொல்வேன். கடைசிக்கு முந்தைய எபிசோடில், ஊரில் மிச்சமிருக்கும் ஆட்களைக் காப்பாற்ற ஒரே வழிதான் இருந்தது. கடலின் அடியில் இருக்கும் மதகை யாராவது போய் மூட வேண்டும். மூடுகிறவன் மேலே வர முடியாது. அவன் தான் போவதாகச் சொன்னான். அத்தோடு முடிந்தது. அடுத்த ஞாயிறு கடைசி.

கடைசியில் எப்படியாவது திரும்பி வந்துவிடுவான் பார், கதாநாயகனைச் சாகடிக்க மாட்டார்கள் என்றேன். அவளைப் பார்த்து வேறு என்ன சொல்வேன். அவள் தலையை அசைத்தாள்.

"அவன் வரமாட்டான். தண்ணியப் பாத்து அழுதுக்கினு இருந்தவன் தண்ணிக்குள்ள போறன்றான். அவன் வளந்துட்டான். இப்ப வந்துட்டான்னா வளந்ததே பொய்யாயிடும். அவன் வாசல்ல என்னா சொல்லிட்டுப் போறான்னு மட்டும் கேக்கணும். போறேன்னு சொல்றானா, இல்ல எப்பவும் சொல்றதச் சொல்றானான்னு. அத மட்டும் கேட்டுட்டாப் போதும் எனக்கு."

அந்த வாரம் முழுக்க அதையேதான் பேசினாள். சாப்பாடு இறங்கவில்லை, ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று மட்டும் கேட்டாள். எனக்கும் அந்த ஞாயிறு வரைக்குமாவது அவளை இழுத்துப் பிடித்துவிட வேண்டும் என்றே இருந்தது. அதற்கு மேல் எதையும் நினைக்க எனக்குத் தைரியமில்லை.

ஆஸ்பத்திரியில் எங்களுக்குள் ஒரு சின்னச் சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும்போது வருகிறேன் என்று சொல்லக்கூடாது, சொன்னால் மறுபடி நோயோடு வர வேண்டியிருக்கும் என்று அவள் பிடிவாதம் பிடித்தாள். எனக்கோ பழக்கதோஷம். தினமும் பையை மாட்டியதும் வாறேன் என்று வாயில் வந்துவிடும். அவள் முகம் சுருங்கும். "உங்கிட்டதானே வாறேன்னு சொல்றேன், ஆஸ்பத்திரிகிட்டயா சொல்றேன்?" என்று ஒரு நாள் கேட்டேன். அதெல்லாம் தெரியாது, சொல்லாதீங்க என்றாள்.

வியாழக்கிழமை கம்பெனியில் கஸ்டமர் ஆடிட். ஏழரைக்கு உள்ளே இருந்தாக வேண்டும். பஸ் போய்விடுமோ என்ற பதற்றத்தில் அன்றும் வாறேன் என்றுவிட்டேன். அவள், "என்னாங்க நீங்க" என்றாள். அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் கோபம்.

"சரி, போறேன். போதுமா?"

கதவைக் கொஞ்சம் சத்தமாகவே சாத்தினேன். திரும்பிப் பார்க்கவில்லை.

எங்கள் கம்பெனிக்குள் செல்போன் கொண்டுபோக முடியாது, வாசலிலேயே லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஆடிட்டருக்கு அளவு பார்க்கும் கேஜ்களையும் ரிப்போர்ட்டுகளையும் காட்டிக்கொண்டு, எங்கள் லைனில் ஒரு குறை கூட இல்லை என்று பெருமையாக நின்றேன். இரண்டு மணிக்குச் சாப்பிடப் போகும்போது லாக்கரைத் திறந்தால் அவள் தங்கையிடமிருந்து பத்தொன்பது மிஸ்டு கால். பதினொரு மணிக்கே எல்லாம் முடிந்திருந்தது.

அந்த ஞாயிறு கடைசி எபிசோடு வந்தது. வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். நான் பார்க்கவில்லை. பதினாறாம் நாள் முடிந்து வேலைக்குப் போனேன். கேன்டீனில் பையன்கள் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன், "கடைசில அவன் வாசல்ல நிக்கும்போது" என்று ஆரம்பித்தான். வாயை மூடுடா என்று நான் போட்ட சத்தத்தில் கேன்டீனே திரும்பிப் பார்த்தது. எதற்கு என்று அவர்களுக்குத் தெரியாது. பாவம், அந்தப் பையன் தட்டோடு எழுந்து போய்விட்டான்.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேண்டுமென்றே கொஞ்சம் பூண்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து போட்டேன். பூண்டு உரிக்கவும் எனக்குச் சரியாக வரவில்லை. கடலுக்குள் இறங்குகிற நாளில் அவன் வழக்கம்போலவே செருப்பை மாட்டினான். அழவில்லை. எப்போதும் அடுப்படியிலிருந்தே குரல் கொடுக்கும் அக்கா அன்று வாசலுக்கு வந்து நின்றாள். கீழே இங்கிலீஷில் "நான் போகிறேன்" என்றுதான் ஓடியது. ஆனால் என் காதில் விழுந்தது இத்தெகிமாஸ். திரும்பி வரமாட்டோம் என்று அவனுக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அக்கா ஒரு நிமிஷம் அவனைப் பார்த்துவிட்டு இத்தெராஷாய் என்றாள். போயிட்டு வா. நான் ஆறு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன். "எப்பவும் சொல்றதத்தான் சொன்னான்" என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஆளில்லை. அதற்கப்புறம் அடக்க முடியாமல் அழுதேன். அந்தப் பொடியன் கூட வளர்ந்துவிட்டான். வாசலில் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று எனக்குத் தெரியவில்லையே.

யாரிடமாவது சொல்லியாக வேண்டும் போலிருந்தது. அவள் தங்கைக்குப் போன் போட்டேன். உன் அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாளே, அவன் போயிட்டு வரேன் என்றுதான் சொன்னான் என்றேன். அப்புறம் உளற ஆரம்பித்தேன். அவ்வளவு நாள் வாறேன் என்றவன் கடைசி நாளில் கோபமாகப் போறேன் என்று சொல்லிவிட்டுப் போனேன், அதைக் கேட்டுக்கொண்டே போய்விட்டாள் என்றேன்.

"இல்ல மாமா" என்றாள் அவள். "நீங்க கதவச் சாத்திக்கினு போனதும் அக்கா கதவப் பாத்து, போயிட்டு வாங்கன்னு சொன்னா. 'ஆஸ்பத்திரில அப்படிச் சொல்லக்கூடாதுன்னு நீயேதானக்கா சொன்ன'ன்னு கேட்டேன். 'அவரு எங்கிட்டதான வர்றாரு'ன்னா."

நான் அன்றைக்குத் திரும்பி வந்தேன். மூன்றரை மணிக்கு, அதே கதவைத் திறந்துகொண்டு, அவளிடம்தான் வந்தேன்.